வெயிலில் வந்த வெள்ளைக் கையுறை

போன வெள்ளிக்கிழமை என் நாத்தனார் கோமதியைப் பெண் பார்க்க வந்த பையன், இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆமாம், கையுறைதான். சித்திரை மாதம். மதுரை. மத்தியான வெயில். நாங்களெல்லாம் விசிறியைக் கீழே வைக்கவே யோசித்துக்கொண்டிருக்கிறோம்... இவர் திருமங்கலத்திலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறார் — வேட்டி, கோட்டு, நெற்றியில் விபூதி, கையில் மட்டும் துரை!

அடுப்படியில் மாமியார் என் காதைக் கடித்தார்.

"கையில என்னமோ இருக்கு. மறைக்கிறான்."

"அப்படியெல்லாம் இருக்காது அத்தை..."

"இல்லாமயா இம்புட்டு வெக்கையில உறை மாட்டிட்டு வாரான்? ஆறு வெரலோ, தோல் வியாதியோ... எம் மகள எப்படிடி நம்பிக் குடுக்கிறது?"

நல்ல இடம். பையன் பள்ளிக்கூட வாத்தியார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வந்த கோமதி, காரணமே இல்லாமல் காபி டம்ளரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

எனக்கோ வேறொரு சந்தேகம்.

போன மாதம் என் வீட்டுக்காரர் என்னையும் கோமதியையும் பயாஸ்கோப்புக்கு அழைத்துப் போயிருந்தார். இங்கிலீஷ் காதல் படம். படம் பேசாது, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்லுவார். கதாநாயகன் தொப்பியும் பூட்ஸுமாக, எந்நேரமும் கையுறையோடுதான் இருப்பான். குதிரை மேலும் கையுறை, கோபத்திலும் கையுறை. கடைசியில் கதாநாயகியிடம் கையை நீட்டுவான். அவள் ஒவ்வொரு விரலாக, மொச்சைக்காய் உரிக்கிற மாதிரி, மெதுவாகக் கழற்றுவாள். கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கதை சொல்லுபவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முழங்கினார்:

"மகாஜனங்களே! ஒரு பெண் வந்து அந்த உறையைக் கழட்டுனா, அவன் மனச எடுத்துக்கிட்டாள்னு அர்த்தம்!"

பின்னாலிருந்து ஒரு குரல். "ஏண்ணே, அவனே கழட்டுனா வெரலு சுளுக்கிக்கிருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கோமதியும் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பையனும் அதே படத்தைப் பார்த்திருப்பாரோ? இல்லை, மாமியார் சொல்வதுதான் சரியோ? படித்தவள் என்று எனக்குப் பேர். இதற்கெல்லாம் எந்த வகுப்பில் பாடம் வைத்தார்கள்? "படம்தான் அத்தை" என்று நான் சொல்லி, நாளைக்கு வியாதி என்று தெரிந்தால்? வாயை மூடிக்கொண்டிருந்து, நல்ல இடம் கைவிட்டுப் போனால்? என் இடுப்பிலிருந்த பாப்பாவுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவள் பங்கையும் நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்தோம். பையன் தொடவில்லை.

"சாப்பிடுறா" என்றார் அவருடைய அப்பா.

"பசிக்கலப்பா."

கண் மட்டும் பஜ்ஜியை விட்டு நகரவில்லை. பாவம்... உறையோடு எப்படிச் சாப்பிடுவது? தானே கழற்றிவிட்டால் காதல் என்ன ஆவது?

கோமதி காபியோடு வந்தாள். பையன் சட்டென்று எழுந்து நின்றார். வலது கையை அவள் முன்னால் நீட்டினார்!

கோமதி குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது கை மட்டும்தான். காபிக்குத்தான் நீட்டுகிறார் என்று டம்ளரை அதில் வைத்துவிட்டாள்.

கொதிக்கிற காபி. வழுவழுப்பான துணி. டம்ளர் சாய்ந்தது.

"ஆத்தாடி!" என்று அலறினார் பையன்.

அதற்கப்புறம் விரல் விரலாகவாவது, மெதுவாகவாவது! ஒரே இழுப்பு. கையுறை பறந்துபோய் பஜ்ஜித் தட்டில் விழுந்தது. எல்லோரும் கையைப் பார்த்தோம். விரல் ஐந்துதான். ஆனால் புறங்கை முழுக்கச் சிவப்பாகப் பொரிப்பொரியாக...

"நான் சொன்னேன்ல!" என்றார் மாமியார். இந்தத் தடவை என் காதில் இல்லை, தெருவுக்கே கேட்கும்படி.

"காலையில இது இல்லையேடா!" என்று பையனின் அப்பா பதறினார். அதை யார் நம்புவது? கோமதியின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்தது. "கைய வெளிச்சத்துல காட்டுங்க" என்றேன். பக்கத்திலேயே என் பாப்பாவின் சட்டையை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன்.

"அத்தை, ரெண்டையும் பாருங்க. அதே வேர்க்குருதான்!"

மாமியார் கழுத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் கழுத்தைப் பார்த்தார்.

"ஆமா... அதேதான். ஏன் தம்பி, இந்த வெயில்ல எதுக்கு இத மாட்டிட்டு வந்தீக?"

"பாண்டு வாசிக்கிற சிநேகிதன்கிட்ட இரவல் வாங்குனேன். படத்துல..."

"திரும்பத் திரும்ப ஒரே படத்துக்குப் போறப்பவே நெனச்சேன்டா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

படத்தில் காதலிக்கிறவர்களுக்கு வியர்ப்பதே இல்லை... கவனித்திருக்கிறீர்களா? நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

அடுப்படியில் கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். சிரிப்பு!

"என்னடி, என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லிருங்க மதினி. ஆனா, கல்யாணத்தன்னைக்குத் தொப்பி போட்டுட்டு வரக்கூடாதுன்னும் சொல்லிருங்க."

இரண்டையும் சொல்லிவிட்டேன். அவரும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டார்.

பூட்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றுதான் இப்போது எனக்குக் கவலை.