எட்டாவது இராஜினாமா

எங்கள் ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் ஏழு கோடைகளில் ஒரு கிண்ணமும் வென்றதில்லை. ஏழு பொதுக்கூட்டங்களில் ஏழு முறை இராஜினாமாச் செய்தார். ஒவ்வொரு முறையும் சபை, "அண்ணை, நீங்கள்தான் இருக்கோணும்" என்று இரண்டு தரம் கெஞ்சும். முதல் தரம் தலையாட்டி மறுப்பார். இரண்டாம் தரம் பெருந்தன்மையோடு சம்மதிப்பார். பயிற்சியில் காணாத ஒழுங்கு இதில் இருந்தது.

அப்பா அந்தக் கல்லூரியில் படித்தவர், எனக்குக் கணினி தெரியும். ஆகவே இத்தாலியின் பலெர்மோ நகரில் பிறந்த நான் சங்கத்தின் செயலாளர். தோல்விகளுக்கு அவர் சொன்ன காரணங்களை எழுதி வைத்திருந்தேன்: வெயில், நடுவர், புல், புல் இல்லாமை, சியாகுல்லிப் பழத்தோட்டத்தில் வேலை முடித்து வந்த பின்களக்காரரின் கால். பட்டியலில் அவர் மட்டும் இல்லை. தன் வகுப்புத் தோழர்களின் மகன்களை முன்களத்தில் விட்டுவிட்டு, கதிரையில் இருந்து விசில் ஊதியவர் அவர்.

நான் பொறியியலோடு கால்பந்துப் பயிற்றுநர் சான்றிதழும் எடுத்திருந்தேன். அந்த அணி எனக்கு வேண்டும். அவர் போனால்தான் அது கிடைக்கும்.

"மாமா, இந்தமுறை எழுத்தில தாங்கோ. ஃபைலில வைக்க வடிவா இருக்கும்" என்றேன் அவரிடம். மூன்று பக்கம் எழுதினார்.

நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில், ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் அதை வாசித்தார். யாரும் கெஞ்சத் தொடங்குமுன் நான் எழுந்து, "கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது எண்டு எழுதிட்டன்" என்றேன்.

"பெட்டை விசிலை ஊதிட்டுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். "அப்ப பிள்ளை, நீயே பொறுப்பெடன். சான்றிதழும் வைச்சிருக்கிறாய்."

இரண்டு வருடங்களாக நான் காத்திருந்த கேள்வி.

"ஐயோ, வேண்டாம் அங்கிள். வேற ஆரையும் பாருங்கோ" என்றது என் வாய்.

போன வீட்டில் தேநீரைக்கூட முதல் தரம் மறுக்கப் பழக்கப்பட்டவள் நான். கேட்டவுடன் வாங்குவது எங்கள் ஆட்களிடையே பேராசை, ஆலாப்பறப்பு. இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று அடக்கமாகக் குனிந்திருந்தேன்.

"பாவம், பிள்ளைக்கு வேலை கூடத்தானே" என்றார் தலைவர்.

"ஓம், ஓம். சாப்பிடவே நேரமில்லை" என்றார் என் அம்மா.

"அப்ப அண்ணை, நீங்கள்தான்" என்று சபை பயிற்றுநர் பக்கம் திரும்பியது. மறுத்தார். மறுபடியும் கேட்டார்கள்.

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது பயிற்றுநர் என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, அந்தக் கடிதத்தைத் தா. நான் திகதி போடேல்லை. வாற வருசத்துக்கும் உதவும்."

கொடுத்தேன்.