நாலாம் நம்பர் வாக்கியம்

முஸ்தபாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. அவருடைய வேலையைப் பறித்தவள் நான். அவருடைய தங்கையை அவரிடமிருந்து பிரித்தவளும் நானே. இதற்காக யாரும் என்னைத் திட்டவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2007-இல் குரோம்பேட்டையில் ஒரு சின்ன லேபில் நான் கெமிஸ்ட். கீழே மளிகைக் கடை, மாடியில் நாங்கள். பஸ், லாரிக் கம்பெனிகள் வண்டியில் ஓடித் தீர்ந்த என்ஜின் ஆயிலைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து எங்களுக்கு அனுப்பும். அதை மெஷினில் வைத்தால், ஆயிலில் எந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். இரும்பு ஏறினால், பிஸ்டன் ஓடும் உறையான லைனர் தேய்கிறது. அலுமினியம் ஏறினால் பிஸ்டன், செம்பு ஏறினால் பேரிங். என்ஜினைப் பிரிக்காமலே அதன் வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்லிவிடலாம். சிலிக்கான் ஏறினால் மண். அதாவது காற்றோடு தூசி உள்ளே போய் என்ஜினை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எண்களுக்குக் கீழே கெமிஸ்ட்டின் கருத்து என்று ஓர் இடம் உண்டு. எங்கள் முதலாளி பட்டாபிராமன் பன்னிரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். நம்பரைத் தட்டினால் போதும், வாக்கியம் வந்து விழும். நாலைத் தட்டினால் விழுவது இது: காற்று வடிகட்டியில் குறை, என்ஜினுக்குள் தூசி புகுந்துள்ளது, பராமரிப்பில் கவனக்குறைவு. பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம். அதில் எனக்குப் பெருமை வேறு. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு நம்பர் தட்டுவதில் என்ன பெருமை என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.

வேதாசலம் என்பவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிப்போக இருபத்திரண்டு பஸ் விட்டிருந்தார். வரும் ரிப்போர்ட்டை ஷெட்டில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார். அதனால் அவருடைய டிரைவர்களுக்கு எங்கள் பெயரைக் கேட்டாலே பயம். பதினாலாம் வண்டியின் டிரைவர் முஸ்தபா மட்டும் பாட்டிலைத் தானே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து விசாரிப்பார்.

"என் வண்டி எப்டி கீது மேடம்?"

"நல்லா இருக்குண்ணா. இரும்பு இருபத்தொண்ணு."

"போன வாட்டி இருபத்திரண்டு இருந்துச்சே. கொறஞ்சிருக்கு." பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க்கைக் கேட்டவர்போல முகம் மலரும்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அப்பாவுக்கு நாகல்கேணியில் தோல் பதனிடும் வேலை. அந்த நாற்றம் பிடிக்காமல் பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். இருபது வருடம் நாக்பூர் வரை லாரி ஓட்டினார். அந்தச் சம்பாத்தியத்தில் முடிச்சூர் சாலையில் ஒரு மாடி வீடு. மேலே அவரும் மனைவியும். கீழே தங்கை அஜீசாவும் அவள் கணவன் முதாசிரும் இரண்டு குழந்தைகளும். முஸ்தபாவுக்குப் பிள்ளை இல்லாததால் அந்தக் குழந்தைகள் மாடியில்தான் வளர்ந்தன. வேதாசலத்திடம் சொல்லி முதாசிரையும் ஷெட்டில் சேர்த்துவிட்டவர் அவர்தான். எல்லா வண்டிக்கும் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதி மாட்டுவது முதாசிரின் வேலை.

ஆயில் பிடிப்பதில் முஸ்தபா ஆசாரம் பார்ப்பார். மற்றவர்கள் வண்டிக்கடியில் தட்டில் வடிந்ததை முகந்து அனுப்புவார்கள். இவர் என்ஜின் சூடாக இருக்கும்போதே, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடிப்பார். பாட்டில் வாயைச் சுத்தமான துணியால் துடைப்பார். எங்கள் ரிப்போர்ட்டின் நகல்களை ரேஷன் கார்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருந்தார். ஆங்கிலம் படிக்க வராது. எண்கள் தெரியும். அது போதும் என்றார்.

ஜூன் மாதம் பதினாலாம் வண்டியின் பாட்டில் வந்தது. அவருக்கு அன்று டூட்டி இருந்ததால் வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கமாக ஒன்பதைத் தாண்டாத சிலிக்கான் அன்று அறுபத்தெட்டு. நான் நாலைத் தட்டினேன். அன்று அறுபத்தொரு பாட்டில் இருந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்லமாட்டேன். பத்து பாட்டில் இருந்திருந்தாலும் நாலைத்தான் தட்டியிருப்பேன்.

செப்டம்பரில் அதே வண்டியின் அடுத்த பாட்டிலை ஒரு புது டிரைவர் கொண்டுவந்தார்.

"முஸ்தபா அண்ணன் லீவா?"

"அவரு போயி மூணு மாசம் ஆச்சு மேடம். தெரியாதா? உங்க பேப்பர்தான் வந்துச்சே."

பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்க ஆரம்பித்தவள், பாதியில் லேபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியை அவரே சொன்னார். அந்த பஸ்கள் போகும் ஓ.எம்.ஆரில் அப்போது ஆறு வழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மண் கண்ணை மறைக்கும். தூசி புகுந்தது என்று நாங்கள் சொன்னதும் வேதாசலத்துக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய ஃபில்டரை உதறிக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டச் சொன்னார். பிறகு இருவரையும் கூப்பிட்டார். ஒன்று, முதாசிர் ஃபில்டரைச் சரியாக மாட்டவில்லை. இல்லை, முஸ்தபா காலையில் பார்க்காமல் வண்டியை எடுத்திருக்கிறார். யாரென்று எழுதிக் கொடுங்கள், ஒருத்தர் போக வேண்டும் என்றார்.

முதாசிர், நான் ஒழுங்காகத்தான் மாட்டினேன் என்று சொல்லியிருக்கிறான். முஸ்தபா எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டாராம்: "மிஷின் பொய் சொல்லுமா மச்சான்?" இரண்டு குழந்தைக்காரன், தங்கை புருஷன், அவன் வேலை போகக்கூடாது என்று முஸ்தபா பேனாவை வாங்கினார். ஃபில்டர் சரியாக இல்லாதது தெரிந்தும் வண்டியை ஓட்டினேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தியாகம் செய்ததாக அவருக்கு நினைப்பு. மச்சான் காலில் விழுவான் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம். அவனோ, செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பா என்று மறுநாளே வேலையை உதறிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். அஜீசா அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது.

புது டிரைவர் போனதும் ஜூன் மாத ரிப்போர்ட்டை எடுத்தேன். சிலிக்கான் அறுபத்தெட்டு. அதே தாளில், அதற்கு மூன்று வரி மேலே, அலுமினியம் மூன்று. இரும்பு இருபத்தொன்று. அவ்வளவு தூசி உள்ளே போயிருந்தால் மண்ணில் உள்ள அலுமினியமும் கூடவே வந்திருக்கும், லைனர் தேய்ந்து இரும்பு எகிறியிருக்கும். இரண்டும் அசையவே இல்லை. அந்த என்ஜினுக்குள் ஒரு சிட்டிகைத் தூசியும் போகவில்லை. அது தூசி சிலிக்கானே இல்லை. மூடிகள் கசியாமல் இருக்க மெக்கானிக்குகள் ஒரு பேஸ்ட் தடவுவார்கள், அதிலும் சிலிக்கான் உண்டு. புதிதாகத் தடவினால் கொஞ்ச நாள் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். என்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மெஷினுக்கு எந்தச் சிலிக்கானும் சிலிக்கான்தான். பிரித்துப் பார்க்கத்தான் ஆள் சம்பளம் வாங்குகிறாள். ஆள் நாலைத் தட்டிவிட்டாள்.

பட்டாபிராமனிடம் போய்த் திருத்திய ரிப்போர்ட் கொடுக்கலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்பர் ஏதாவது தப்பா, ஞானசௌந்தரி?"

"இல்ல சார். கமெண்ட்தான் தப்பு."

"கமெண்ட் வெறும் அபிப்பிராயம்மா. அதை வெச்சு அவர் ஆளை அனுப்பினா அது அவர் நிர்வாகம். மூணு மாசம் கழிச்சு நாமளே போய்த் தப்புன்னு சொன்னா, நாளைக்கு எந்தக் கம்பெனி நம்ம ரிப்போர்ட்டை நம்பும்?"

"அந்த மனுஷன் வேலை போயிருக்கு சார்."

"பாவம்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லுக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

முஸ்தபா தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை, ஸ்டேஷனுக்கு எதிரே, பெருங்களத்தூர் வண்டலூர் கூடுவாஞ்சேரி என்று கூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூவலை நிறுத்திவிட்டார்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?"

கூடுவாஞ்சேரி என்று சொல்லி ஏறிக்கொண்டேன். எல்லோரும் இறங்கிய பிறகு, மார்க்கெட் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"அண்ணா, ஜூன் மாசம் ஆயில் பிடிக்கறதுக்கு முன்னாடி என்ஜின்ல ஏதாவது வேலை பாத்தீங்களா?"

"பெரிய வேல ஒண்ணும் இல்ல. மேல் மூடி கசிஞ்சுகினு இருந்துச்சு. ஞாயித்துக்கெழம மெக்கானிக் இல்ல. நானே கழட்டி, தொடச்சி, பேஸ்ட்டு போட்டு இறுக்கினேன். தாராளமாவே போட்டேன். அப்புறம் ஒரு சொட்டு கசியல."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? தூசி எப்டி வந்துச்சின்னுதான் கேட்டாங்கோ. தூசிக்கும் பேஸ்ட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

யாரும் கேட்கவில்லை என்பது உண்மையல்ல. நாங்கள் கேட்டிருந்தோம். ஒவ்வொரு பாட்டிலோடும் வரும் சீட்டில், சமீபத்தில் செய்த பழுதுவேலை என்று ஒரு வரி இருக்கிறது. ஆங்கிலத்தில். அவர் வண்டி எண்ணையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டு, புரியாத அந்த வரியை மரியாதையாகக் காலியாக விட்டிருந்தார். நானும் ஒருநாள்கூட அதை நிரப்பச் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ முதாசிர் ஃபில்டரைச் சரியாத்தான் மாட்டியிருக்கான்."

"ஆமாண்ணா."

"என் வாயால அவனை ஷெட்டுல அத்தினி பேருக்கு முன்னால கேட்டேனே மேடம்."

வேதாசலத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், லேப் முதலாளி என்ன செய்தாலும் சரி என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அந்த வேல கெடக்கட்டும். என் மச்சானுக்கு எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. உங்க கையெழுத்து, படிப்பு எல்லாம் போடுங்க. அதப் பாத்தா வந்துருவான். கொழந்தைங்க இல்லாம வூடு வூடாவே இல்ல."

அங்கே பக்கத்துக் கடையில் ஒரு முழுத்தாள் வாங்கி, ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்தே எழுதினேன். முதாசிர் மீது ஒரு தவறும் இல்லை, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி, கீழே எம்.எஸ்ஸி. என்றும் போட்டேன். என் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் கொடுக்காத வாக்கியத்தில் நான் எழுதிய முதல் ரிப்போர்ட் அதுதான். அவர் அதை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போனேன். அவர் ஆம்பூர் போய்த் திரும்பியிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"அஜீசா டீ போட்டுக் குடுத்துச்சி. பேசல. கொழந்தைங்க மேல ஏறி வுழுந்துச்சுங்க. அவன் உங்க லெட்டரை ரெண்டு தபா படிச்சான். மடிச்சி என் கையிலயே குடுத்துட்டான்."

"என்ன சொன்னார்?"

முஸ்தபா குரலை மாற்றாமல், பாடம் ஒப்பிப்பவர்போலச் சொன்னார். "நான் செய்யலன்னு என் வாயால சொன்னேன் மச்சான், நீ நம்பல. இப்போ யாரோ ஒரு பொம்பள பேப்பர்ல எழுதிக் குடுத்ததும் நம்பிகினு ஓடியாந்துட்ட. நாளைக்கு இன்னொரு பேப்பர் வந்தா இன்னா பண்ணுவ? அப்டின்னு கேட்டான்."

வண்டியில் ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர் எழுந்து சீட்டைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பதில் சொல்ல வரல மேடம். நீங்க படிச்சவங்க. அதுக்கு இன்னா சொல்லணுமின்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் போயி காமிக்கிறேன்."

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் கேட்டார்.