அக்காவின் அறிக்கையை முடித்துக் கொடுத்தவர்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவின் ஆராய்ச்சியை எடைபோட நான் ஆளில்லை. நாவலூர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். கூடப்பிறந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் பயிரிட்ட குடும்பத்தில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். டியூஷன் எடுத்துத் தானும் படித்து, எனக்கும் ஃபீஸ் கட்டி, தொல்லியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். "குழி தோண்டறதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மாம் படிப்பு?" என்று அத்தை கேட்டபோது, "சும்மா தோண்டுனா கூலி அத்த, படிச்சிட்டுத் தோண்டுனா சம்பளம்" என்று சிரித்தவர். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து வருவார். அக்காவைக் கட்டிய மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் இறந்தவர்களைப் புதைத்த பழங்காலக் கல்வட்டங்கள் நிறைய உண்டு. அந்த மனிதர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே வாழ்ந்தார்கள் என்பதுதான் அக்காவின் ஆயுசுக் கேள்வி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஒரு மேட்டைத் தோண்டி, "இங்கதாண்டா குடியிருந்தாங்க" என்றார். அங்கே கிடைத்த பானை ஓடுகளை அவர் வகை பிரித்த முறையைத்தான் இந்தக் கரையில் வேலை செய்கிறவர்கள் இன்றும் கையாளுகிறார்களாம். மாணவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டில் அவர் பீற்றிக்கொண்டதே இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் ஒரு பேராசிரியர். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, மீன்பிடிப் பருவத்துக்கு வந்து போனார்கள், அவ்வளவுதான் என்று கட்டுரைக்குக் கட்டுரை மறுப்பார். கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் அக்காவைக் கேள்வி கேட்டே குடைவார். எங்கள் வீட்டில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர்.

நோய் முற்றியபோது அந்த மேட்டின் முழு அறிக்கை பாதியில் நின்றது. படுக்கையில் அக்காவுக்கு அது ஒன்றுதான் கவலை. "தோண்டன எடத்த மறுபடியும் தோண்ட முடியாதுடா. எழுதாம போயிட்டா, நானே அத அழிச்ச மாதிரி" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை முடித்துக் கொடுக்க அந்தப் பேராசிரியரைக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்!

"வேற ஆளே கெடைக்கலியா உனுக்கு? அந்தாளு மொத்தத்தையும் மாத்திட்டுப் போயிடுவாரு."

"எங்கிட்ட படிச்ச பசங்க நான் சொன்னத அப்டியே ஒத்துப்பாங்க. தப்பு இருந்தா அவருதான் வுட மாட்டாரு. நீ போன் போடு."

மறுநாளே பேராசிரியர் பஸ் பிடித்து வந்தார். வந்தவர் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. தாள்களைப் புரட்டிவிட்டு, "மேட்டுல கெடச்ச அடுப்போட படத்துல அளவே போடலையேம்மா, இத யாரு நம்புவா?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அவரை வெளியே அனுப்ப எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பார்த்தால், பல நாட்களாகத் தலை தூக்காத அக்கா, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்! அதன்பின் அவர் வாராவாரம் வந்தார். அக்காவால் பேச முடிந்தவரை இருவருக்கும் சண்டைதான். முடியாமல் போன பிறகு, மீதியை அவரே எழுதினார்.

அக்கா காலமான சில மாதங்களில் அறிக்கை அச்சாகி வந்தது. மாணவர்கள் பயந்துகொண்டே படித்தார்கள். அக்காவின் முடிவில் ஒரு வரிகூட மாறவில்லை. அட்டையிலும் அக்காவின் பெயர் மட்டுமே இருந்தது.

"உங்க பேரையும் போட்டிருக்கலாமே ஐயா" என்று கேட்டேன்.

"போட்டுட்டா, அப்புறம் அத மறுத்து நான் எப்படிப்பா எழுதறது?" என்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரி நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஓடி ஓடி உழைத்த மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. பேராசிரியர் ஐயாவின் மறுப்புக் கட்டுரையும் இப்போது வெளிவந்துவிட்டது. அக்கா சொன்னது தவறு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மாமா அதை அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். நடுநடுவே நிறுத்தி, "இதுக்கு இன்னா சொல்ற நீ?" என்று கேட்டார்.

ஐயா, அறிக்கையை முடித்துக் கொடுத்ததற்கு நன்றி. எங்கள் அக்காவை இன்னும் விடாமல் எதிர்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கு அதைவிடப் பெரிய நன்றி.