அன்னப்பிள்ளையின் வாயில் எடுத்த மூன்று படங்கள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. பேசாலையில் கருவாடு போடும் அன்னப்பிள்ளையைக் கேளுங்கள். இன்றைக்கும் கோபம் தணியாமல்தான் சொல்லுவார்.

2012, ஆவணி, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னப்பிள்ளை இந்தியாவிலிருந்து திரும்பி ஒன்றரை வருடம். அங்கே அகதி முகாமுக்கு வந்த பல் வைத்தியர் ஒருவர் எக்ஸ்ரே படம் எடுக்காமலே நல்ல பல்லைப் பிடுங்கி, சூத்தைப் பல்லை விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த எரிச்சல் மனதில் இருந்தது. மன்னார் ரவுனில் ஒரு பழைய வீட்டில் டொக்டர் பிரஷாந்தி புதிதாகப் பல் வைத்தியம் தொடங்கியிருந்தார். சண்டைக் காலத்தில் துவக்கோடு வந்தவர்கள் பல வருடம் இருந்துவிட்டுப் போன வீடு அது.

"படம் எடுக்காமல் என்ர வாயில கை வைக்கக்கூடாது."

"எல்லாருக்கும் முதல் படம்தான் அம்மா. முரசுக்கு உள்ள, பல்லின்ர வேரில நடக்கிறது கண்ணுக்குத் தெரியாது."

பிற்பகல் 3.10. முத்திரை அளவுப் படத்தாளைக் கடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். 'பீப்'. டொக்டர் இருட்டறைக்குள் போய், ஈரப் படத்தோடு வந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கடைவாய்ப் பல்லில வெள்ளி அடைச்சிருக்கே?"

"நான் ஒருநாளும் அடைக்கேல்ல. ஆற்றையோ படத்தை மாத்திப்போட்டியள்."

"இண்டைக்கு முதல் ஆள் நீங்கள்தான்."

3.25. இரண்டாவது படம். இந்த முறை வாயில் மண் ருசித்தது. தாடையை யாரோ விரல்களால் இறுக்கிப் பிடித்ததுபோல்... டொக்டரோ கதவுக்கு வெளியே நின்றார்.

அதே வெள்ளி. பக்கத்துப் பல்லில் இப்போது ஒரு வெடிப்பு.

"ஏழையள் எண்டால் எதையும் காட்டலாமோ?" அன்னப்பிள்ளை சீறினார். "இன்னொருக்கா எடுங்கோ."

3.40. 'பீப்'.

வாய்க்குள்ளிருந்து... 'மடக்'.

வலிக்கவில்லை.

காதோரம் மூச்சு. அவருடையது இல்லை...

மூன்றாவது படத்தில் இரண்டு பற்கள் இல்லை. தாடை எலும்பு முறிந்திருந்தது. அன்னப்பிள்ளை நாக்கால் தடவிப் பார்த்தார். அந்த இரண்டு பற்களும் அப்படியே இருந்தன.

"இது வேற ஆள், அம்மா." டொக்டர் மூன்று படங்களையும் அருகருகே வைத்தார்.

அன்னப்பிள்ளை எழுந்தார். கோபம் இப்போது டொக்டர்மீது இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆரடா அடிச்சது?"



ஆறு மாதம் கழித்து, டொக்டர் வைத்தியம் பார்த்த அதே வீட்டின் பின்னால் கக்கூசுக்குக் குழி வெட்டினார்கள். நாலடியில் எலும்புகள். நீதவான் வந்தார். பல்லைப் பார்க்க டொக்டரைக் கூப்பிட்டார்கள். அதே வெள்ளி. அதே முறிவு.

டொக்டர் மூன்று படங்களையும் நீதிமன்றத்தில் கொடுத்தார். ஒரு மாதத்தில் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தன: 'படங்களில் உள்ள பெயர் அன்னப்பிள்ளை. அவர் உயிரோடு இருக்கிறார். சான்றாக ஏற்க முடியாது.'

கடிதத்தை அன்னப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டியபின் டொக்டர் அதை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குழியில எடுத்த தாடையில முறிஞ்ச எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது, அம்மா. அடிச்ச பிறகும் கனநாள் அந்த மனுசன் உயிரோட இருந்திருக்கு."