பொள்ளாச்சி வரைக்கும் வந்த பாரம்

ஷமா பிறந்தது 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. அத்தா கிதர் முகம்மது திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்தார். ஷமா மதுரையில் இயற்பியல் படித்து, பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். 2015இல் அத்தா மவுத்தான பிறகு அம்மாவுக்குத் துணையாக நாகல் நகர் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். மாடி அறையில் இரண்டு கணினிகள்.

இந்த மாவட்டம் இன்றைக்கு எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது, எதை மாற்றினால் 2040க்குள் எவ்வளவு குறையும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து அரசுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அம்மா குர்ஷித் பேகம் அக்கம்பக்கத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "எம்மக காத்தைக் கணக்கெடுக்குறா."

2022இல் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் வாசலில் பதினான்கு நாள் நின்று ஷமா லாரிகளை எண்ணினாள். நாளொன்றுக்கு சராசரியாக 212 லாரிகள் கேரளாவுக்குப் போயின. அவற்றில் 191 காலியாகத் திரும்பின. திரும்பும் வண்டிகளுக்குப் பாரம் பிடித்துக் கொடுக்க ஒரு பதிவு மையம் வைத்தால் ஆண்டுக்கு 9,600 டன் வாயு மிச்சமாகும் என்று கணக்கு வந்தது. அவள் எழுதிய பதினேழு பரிந்துரைகளில் அதுதான் முதலாவது. அரசுக் குழு 2023 அக்டோபர் 12 அன்று முடிவு செய்வதாக இருந்தது.

லாரி உண்மையில் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதை அளக்க ஷமா செப்டம்பர் 25 அன்று ரங்கசாமி என்ற ஓட்டுநரின் லாரியில் கேரளாவில் உள்ள பெரும்பாவூருக்குக் கிளம்பினாள்.

"லாரியில நீ தனியாப் போவியாக்கும்? நானும் வாரேன்," என்று எழுபத்தொரு வயது அம்மாவும் புளிச்சோற்றுத் தூக்குடன் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை காய்கறியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரங்கசாமியின் போன் ஓயாமல் அடித்தது. அவர் எடுக்கவே இல்லை.

"எடுத்துப் பேசுங்க தம்பி. வீட்டுல தேடப் போறாங்க," என்றார் அம்மா.

"வீட்டுலருந்து இல்லீங்கம்மா." இன்னும் இரண்டு முறை அடித்தபின் ரங்கசாமி வண்டியை ஓரங்கட்டினார். "ஏனுங்க மேடம், உங்க நோட்டுல எழுத மாட்டீங்கன்னா ஒரு மணி நேரம் நிறுத்திக்கட்டுங்களா?"

ஒரு பலகைக் கிடங்கில் வண்டி நிறைய பிளைவுட் ஏறியது.

"இது எங்க இறங்கும்ணே?" என்றாள் ஷமா.

"பொள்ளாச்சிங்க. இந்த வாடகை என் கைக்குங்க. அங்கிருந்து காலி வண்டி. நீங்க மார்க்கெட் வாசல்ல நின்னப்பவும் காலியாத்தானுங்க வந்தேன். நீங்க கோடு போட்டதைக்கூட பார்த்தேனுங்க."

"முதலாளிக்குத் தெரியாதா?"

"வெங்காயச் சருகு கெடக்குற வண்டியில பலகைத் தூள் ஏதுன்னு அவருக்குத் தெரியாதுங்களா? அவரும் கேக்கறதில்லை, நானும் சொல்றதில்லை. ஆனா கவர்மெண்டுப் பேப்பர்ல என் வண்டி நம்பர் வந்துச்சுன்னா கேட்டுத்தானுங்களே ஆவணும்? அப்புறம் எனக்கு வண்டி இல்லீங்க."

"எழுத மாட்டா தம்பி. நான் பொறுப்பு," என்றார் அம்மா. ஷமா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். கூட்டத்துக்குப் பதினாறு நாள்தான் இருந்தது.

ஊர் திரும்பியதும் அறுபது ஓட்டுநர்களைத் தேடிப் போய், பேர் கேட்காமல் விசாரித்தாள். முப்பத்தேழு பேர் அதையே சொன்னார்கள். கணக்கை மறுபடி ஓட்டினாள். 9,600 இறங்கி 5,800இல் நின்றது. அப்படியே விட்டிருந்தால் கேட்பார் யாருமில்லை.

"பழைய கணக்கே இருந்தா யாருக்கு என்ன நட்டம்?" என்று அம்மா கேட்டார்.

"கெடைக்காத மிச்சத்தை நம்பி, நெசமாக் கெடைக்கிற வேற ஒன்னைக் கைவிட்டுருவாங்கம்மா."

கூட்டத்தில் எழுந்து, தன் எண் தவறு என்று அவளே சொன்னாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு இதைச் சொன்ன வண்டிகளோட நம்பரைக் குடுங்க. சரிபார்க்கணும்."

"குடுக்க முடியாது சார். பேர் வெளிய வராதுன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"அப்ப இந்த ஐயாயிரத்து எண்ணூறும் காத்துல வந்ததுதானா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அம்மாவின் பேச்சு இங்கே எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டாள். முதல் பரிந்துரைக்கு எதிரே எண்ணை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டார்கள். யாரையும் காட்டிக்கொடுக்காமல் நிரூபிக்க முடிந்தால் டிசம்பர் 15க்குள் நிரூபிக்கலாம்.

நவம்பர் 20 முதல் பதினான்கு நாள், பொள்ளாச்சிக்கு வெளியே பாலக்காட்டு ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் இரண்டு நாற்காலிகள். காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை. காலிக் காய்கறிப் பெட்டிகளைக் கேபினுக்கு மேலே கட்டி வரும் லாரிகளை மட்டும் எண்ணினார்கள். தார்ப்பாய் மேடாக இருந்தால் பாரம், தொங்கினால் காலி. வண்டி நம்பர் எழுதுவதில்லை. நோட்டில் இடப்பக்கம் ஷமாவுக்கு, வலப்பக்கம் அம்மாவுக்கு; மாலையில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த நாளே செல்லாது என்பது அம்மா போட்ட சட்டம். ஒரு நாள் அப்படிச் செல்லாமல் போனது. பதினைந்தாம் நாளும் உட்கார வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள் மூன்றே காலுக்கு ரங்கசாமியின் லாரி வந்தது, தார்ப்பாய் நன்றாகவே மேடாக. டீக்கடையைத் தாண்டும்போது அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, நம்ம தம்..." என்று கையைத் தூக்கிய அம்மா, பாதியில் கையை இறக்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு தன் பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

டிசம்பர் 15 அன்று ஷமா கொடுத்த எண் 5,740. குழு அதை ஏற்றது. ஓட்டுநர் தன் பேரிலேயே திரும்பும் பாரத்தைப் பதிந்துகொள்ளலாம் என்று அவள் சேர்த்த வரியையும் ஏற்றது. முதலாவதாக இருந்த பரிந்துரை நான்காவதாக இறங்கியது.

"நாலாவதா?" என்றார் அம்மா, சோறு போட்டபடி.

"நாலாவதும்மா."

"வண்டி நம்பர் கேட்டாங்களா?"

"கேக்கலை."

"அப்பச் சரி. வெஞ்சனம் ஆறுது, சாப்புடு."