கறுப்புத் துணிக்குள் நின்ற அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கும் எங்கள் அண்ணன் எப்படி இறந்தார் என்பது அரைகுறையாகவே தெரியும். தங்கை என்ற முறையில் முழுதாக எழுதுகிறேன்.

அண்ணன் தூத்துக்குடியில் பிறந்தார். பள்ளி நாட்களில் இரவல் கேமராவில் உப்பளங்களைப் படமெடுத்தார். அப்பா அதைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, பெல்ட்டால் அண்ணனின் முதுகைக் கிழித்தார். தடுக்கப் போன என்னை அண்ணன் தன் உடலால் மறைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் பன்னிரண்டு ஆண்டுகள் மென்பொருள் வேலை. கிரீன் கார்டு வந்த மறு ஆண்டே வேலையை விட்டார். விக்டோரியா மகாராணி காலத்தில் கடல் கடந்து போன புகைப்படக்காரர்களைப் போல, பெரிய மரக் கேமராவில், மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் நிலக்காட்சிகளை எடுக்கத் தொடங்கினார். வேனையே இருட்டறையாக்கி டெக்சாஸ் முழுக்கச் சுற்றினார். அங்கே கேட்டி நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மருந்து பட்டு விரல்கள் கறுத்திருக்கும். பிடிவாதக்காரர். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆண்டு மேற்கு டெக்சாஸில், பொதுச் சாலையோரம் நின்று, புயல் மேகம் கவிந்த பருத்தி வயலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தலை கேமராவை மூடிய கறுப்புத் துணிக்குள் இருந்ததால் பின்னால் வந்தவரைப் பார்க்கவில்லை. வேவு பார்க்க வந்தவன் என்று நினைத்த நிலத்துக்காரர், துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்தார். விழுந்த பிறகும் தாடையிலும் விலாவிலும் உதைத்தார். கண்ணாடித் தகடுகளை அண்ணன் மேலேயே போட்டு உடைத்தார். ஓடிவந்து தடுத்தவர் அந்த மனிதரின் மனைவி. அவருக்கும் உதை விழுந்தது. அப்படியும் அண்ணனை இழுத்துத் தன் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார்.

மூன்றாம் நாள் அண்ணனுக்கு நினைவு வந்தது. அந்தக் குடும்பத்தையே சும்மா விடமாட்டேன் என்று நான் கொதித்தேன். கம்பி போட்ட தாடையோடு அண்ணன் மெல்லச் சொன்னார்:

"கேஸ் ஃபைல் பண்ணு. அவன விட்டுடாத. ஆனா அந்தம்மா மட்டும் டிரைவ் பண்ணலன்னா நான் ரோட்லயே போயிருப்பேன். அவங்ககிட்ட கோபமா பேசாத."

மூளையில் மறுபடி இரத்தம் கசிந்தது. ஒன்பதாம் நாள் காலை, என் கையைப் பிடித்தபடியே அடங்கிவிட்டார்.

அந்த நாட்களில் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த நண்பர்களுக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்னொருவர் இருக்கிறார். உங்கள் கணவர் பயத்தில்தானே அடித்தார் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, இல்லை, விழுந்த பிறகும் அடித்தார் என்று எல்லார் முன்னும் சொன்னவர். வெளியே நடைபாதையில் என் எதிரே வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை, ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, இப்போது அவர் தங்கியிருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.