ஒன்பதாம் தறியின் எண்ணெய்க்கறை

ஆக்சிலியாவின் கல்யாணத்தன்று மாதா கோயிலில் ஒரு மின்விசிறி டிக் டிக்கென்று சத்தம் போட்டதாம். பாதர் சம்மதம் கேட்டபோது மணப்பெண் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் பதில் வந்தது. கணவர் அந்தோணி பிரகாஷ் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். "பேரிங் போயிருந்துச்சுங்க, அது எப்பிடிப் பாக்காம இருக்கறது" என்பது அவள் தரப்பு நியாயம்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, மொரப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்கிற எங்கள் கம்பெனியில் எட்டு வருடமாகப் பகல் ஃபிட்டர். நான் பிரபாகர், அதே கம்பெனியில் செக்கிங். நெய்து, வெளுத்து வந்த துணியை அடியில் விளக்கெரியும் மேசையில் விரித்துக் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். வீட்டிலும் அதையே செய்வதாக என் மனைவி சொல்வாள்.

மூன்று வாரமாக ஒன்பதாம் தறியின் துணியில் எண்ணெய் வந்தது. வெளுத்த பிறகு கறை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல இடத்தில் தண்ணீர் உடனே உள்ளே போகும். எண்ணெய் பட்ட இடத்தில் முத்தாக நிற்கும். ரத்தத்தை உறிஞ்சாத துணியை எந்தக் காயத்தின் மேல் வைப்பது?

விசித்திரம் என்னவென்றால், காலை ஷிப்ட் துணி சுத்தம். ராத்திரித் துணியும் சுத்தம். மத்தியானம் இரண்டு மணி ஷிப்டின் முதல் சில மீட்டரில் மட்டும் கறை. அந்த ஷிப்டில் அந்தத் தறியை ஓட்டுகிறவள் பழனியம்மாள். சித்தேரி மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். இரண்டு வருடம் பேக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டே, தறி கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, போன மாதம்தான் வாங்கினாள். நான் ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று எழுதினேன். சூப்பர்வைசர் மாரப்பன், சனிக்கிழமைக்குள் கறை நிற்காவிட்டால் அவளை மறுபடி பேக்கிங்குக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ள மேல தப்பிருந்தா எட்டு மணி நேரமும் கறை வரணுமில்லீங்களா? ஏன் மொத அரை மணி நேரம் மட்டும்?" என்று ஆக்சிலியா என்னிடம் கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. குறையைச் சொல்வது என் வேலை, காரணம் அவள் வேலை என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் போய்விட்டாள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்றினாள். குழாய்களைத் துடைத்து வெள்ளைக் காகிதம் சுற்றிப் பார்த்தாள். மேலே கூரையில் ஏதாவது ஒழுகுகிறதா என்று ஏணி போட்டு ஏறினாள். ஒன்றும் இல்லை.

புதன்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்துக்குத் தறியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

காலை ஷிப்ட் முடித்த நிர்மலாதேவி கிளம்பும் முன் எண்ணெய்க் கேனை எடுத்துத் தறியின் ஓர் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டாள். ஏன் என்றதற்கு, "வர்றவங்க செரமப்படக்கூடாதுங்களே" என்றாள். பழனியம்மாள் வந்தாள்; தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதே இடத்தில் இரண்டு சொட்டு விட்டாள். "வந்ததும் விடணும்னு சொல்லிக் குடுத்தாங்கக்கா." ஆக்சிலியா சிரித்துவிட்டாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சிரிப்பு. ஆனால் அடுத்த கணமே நெற்றியைச் சுருக்கினாள்.

"எல்லா ஷிப்டுலயும் இப்பிடித்தான விடுவாங்க. அப்ப மத்தியானத்துல மட்டும் ஏன்?"

யோசித்துக்கொண்டே கேனைக் கையில் எடுத்து, பேச்சோடு பேச்சாக அங்கேயே சாய்த்தாள்.

"அக்கா, நீங்க தெனமும் இந்நேரத்துக்கு ஒரு சொட்டு விடுவீங்களே. அதையும் சேத்துக்குங்க" என்றாள் பழனியம்மாள்.

ஆக்சிலியாவின் கை அந்தரத்தில் நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தறி கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோய், எத்தனை எண்ணெய் விட்டாலும் குடித்தது. 'போறவங்க வர்றவங்க எல்லாம் விடுங்க' என்று சட்டம் போட்டவள் இவள்தான். போன மாதம் புது புஷ் போட்டாள். அதற்கு வாரம் ஒரு சொட்டு போதும். புஷ்ஷை மாற்றியவள் தன் சொல்லைத் திரும்பப் பெற மறந்துவிட்டாள். இருவர் விடுவதை அது எப்படியோ தாங்கியது. பகல் ஃபிட்டர் இருக்கும்போது ஷிப்ட் மாறுவது மத்தியானம் மட்டும்தான்; அப்போது மூன்றாவதாக இவள் கை சேர்ந்தது. அந்தச் சொட்டுதான் வழிந்து துணியில் விழுந்தது.

"ஏம்மா, இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க ஃபிட்டருங்கக்கா. உங்களுக்குத் தெரியாததாங்க?"

ஆக்சிலியா நேராக மாரப்பனிடம் போனாள். சுற்றி வளைக்கவில்லை. "கறை என் கையிலருந்து வந்ததுங்க சார்." அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். எட்டு வருடம் பேர் எடுத்தவள், சீல் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் ரிஜிஸ்டரை இழுத்து, நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, 'ஆக்சிலியா சொன்ன சொல்லும் ஆக்சிலியா விட்ட எண்ணெயும்' என்று எழுதினாள். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். வெட்கமாக இருந்தது. என் மேசைக்கும் அந்தத் தறிக்கும் இருபது காலடி தூரம்தான். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட நான் நடந்து போய்ப் பார்க்கவில்லை.

கேன் இப்போது ஆக்சிலியாவின் பெட்டியில் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் வெளியே வரும்.

வியாழக்கிழமைத் துணி சனிக்கிழமை காலை வெளுத்து வந்தது. பழனியம்மாள் ஷிப்டுக்கு வெகுநேரம் முன்பே வந்து மேசையோரம் நின்றாள். நான் தண்ணீர்க் குப்பியை அவளிடமே கொடுத்தேன். ஒரு சொட்டு விட்டாள். விழுந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டது.

"அண்ணா, இன்னொரு எடத்துல பாக்கட்டுங்களா?"

பார்க்கச் சொன்னேன். முழு ரோலையும் பார்த்து முடிக்கும்வரை அவள் குப்பியைத் திருப்பித் தரவில்லை.